விடாத கை

கறிக்கடையில் அவள் வெட்டுவாள், புருஷன் பிடிப்பார். தெருவுக்கே அவள் கத்தியக்கா. வாய்க்கும் கைக்கும் சேர்த்து வைத்த பெயர் அது. மாமூல் கேட்டு வந்த ஒரு தடியன் தலையைக் கட்டைமேல் அழுத்தி, காதோரமாகக் கத்தியை இறக்கியவள். அவன் இப்போதெல்லாம் சுற்றுவழியில்தான் வீட்டுக்குப் போகிறான்.

கடையில் ஒரே சட்டம். பிடித்தவர் அவள் 'விடு' என்ற நொடியில் விட்டுவிட வேண்டும், முன்னே பின்னே ஆனால் விரல் போய்விடும். வீட்டில் 'வாங்க, போங்க' என்று மரியாதையாகப் பேசுகிறவள், கட்டைமுன் நின்றால் மட்டும் புருஷனை 'விடு' என்பாள். அவரும் ஒருநாள்கூடத் தவறியதில்லை.

அவள் மார்பில் கட்டி வந்தது. படுவேகமாக வளரும் ரகம் என்றார் டாக்டரம்மா.

"அப்ப இன்னிக்கே வெட்டி எறிங்க."

"ரெண்டு மருந்தச் சேர்த்து முதல்ல குடுத்தா நல்லாக் கேக்குதான்னு சோதிக்கிறோம். கட்டி உள்ள இருந்தாத்தானே அது சுருங்குறது தெரியும்? அப்புறம் ஆபரேஷன். இந்த ஆராய்ச்சில சேர இஷ்டமில்லன்னா வழக்கமான வைத்தியம் இருக்கு."

கெட்ட சதையை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பதா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவள் அக்காவுக்கும் இதே நோய்தான். உடனே வெட்டினார்கள், வருஷம் திரும்புவதற்குள் ஈரலில் வந்து ஆளைக் கொண்டுபோய்விட்டது. அந்தப் பயத்தில்தான் தலையாட்டினாள்.

ஒருமுறை மருந்து ஏறும்போது குளிர் கண்டு உடம்பைத் தூக்கித் தூக்கிப் போட்டது. அவளுக்குக் கண்மண் தெரியவில்லை. ஸ்டூலை வீசினாள், ஜன்னல் கண்ணாடி சிதறியது. மருந்தை நிறுத்த ஓடிவந்த நர்ஸின் வயிற்றில் உதைத்துவிட்டு, நெஞ்சில் சொருகியிருந்த குழாயைப் பற்றினாள்.

"பிடுங்க விடாதீங்க, மருந்து கசிஞ்சா சதை வெந்துடும்" என்றாள் நர்ஸ், தரையில் கிடந்தபடியே.

புருஷன் பாய்ந்து, கடையில் பிடிப்பதைப் போலவே, முழங்காலை ஊன்றி அவள் கைகளை அழுத்திப் பிடித்தார்.

"விடு" என்றாள். அவர் விடவில்லை.

"விடுடா."

அவர் கட்டைவிரல் வாய்க்கு எட்டியது. கடித்தாள். எலும்பு நொறுங்கும் சத்தம் நர்ஸுக்கே கேட்டது. ரத்தம் அவள் கழுத்தில் வழிந்தது. அவர் விம்மி விம்மி அழுதார், பிடியை மட்டும் தளர்த்தவில்லை. நர்ஸ் எழுந்து மருந்தை நிறுத்தி, ஊசி போட்டபிறகு நடுக்கம் அடங்கியது.

"வேண்டாம்னு நீங்க சொன்னா இதோட நிறுத்திடலாம்" என்றார் டாக்டரம்மா.

அவள் புருஷனின் கையைப் பார்த்தாள். "அவர் விரலையே தின்னாச்சு. இனி பாதியில எந்திரிச்சுப் போறதா? ஏத்துங்க."

மருந்தெல்லாம் முடிந்து ஆபரேஷனும் ஆனது. வெட்டியெடுத்த சதையில் உயிருள்ள நோய் துளிகூட இல்லை என்றார்கள். "எல்லாருக்கும் இப்படிக் கேக்காது" என்றார் டாக்டரம்மா.

கடையை மறுபடி திறந்த அன்று அவருடைய கட்டைவிரல் மடங்கவில்லை. கறி நழுவிக்கொண்டே இருந்தது. அவள் அந்தக் கையை இழுத்துக் கட்டைமேல் வைத்து, கத்தியை ஓங்கினாள். கறி வாங்க நின்றவர்கள் பின்வாங்கினார்கள். அவர் கையை எடுக்கவில்லை. கத்தி விரலுக்கு ஒரு நூல் தள்ளி இறங்கியது.

"விடுன்னா விடணும்" என்றாள். "சொன்ன பேச்சு கேக்காத கை."

கத்தியைப் போட்டுவிட்டு அந்த வளையாத விரலைப் பற்றிக்கொண்டு அழுதாள்.

"ஆளுங்க பாக்குறாங்க, விடு" என்றார் அவர்.

அவள் விடவில்லை.