இறம்பொடையில் இரண்டு பச்சை

“இளம்பச்சைத் தேயிலைச் சரிவு, வெயிலோடு. இன்று மாலைக்குள் அனுப்பவும்.” கலண்டர் அச்சகத்திலிருந்து காலையில் வந்த செய்தியைப் புகைப்படக்காரர் ரவீந்திரன், கட்டுரை எழுத உடன் வந்த எனக்குக் காட்டுகிறார். தேறினால் இது அவருடைய முதல் அட்டைப் படம். இறம்பொடைச் சரிவின் எதிரே, பனிமூட்டம் விலகக் காத்திருக்கிறோம்.

வெயில் வருகிறது. ஆனால் சரிவில் பாதி கரும்பச்சை! மூட்டத்துக்குள்ளேயே பெண்கள் இளம்பச்சைக் கொழுந்தைப் பறித்தபடி முன்னேறியிருக்கிறார்கள்; பறித்த இடத்தில் முற்றிய இலைதான் மிச்சம்.

“அக்கா, கொஞ்சம் நில்லுங்க! எனக்கு அந்தப் பச்சதான் வேணும்!”

“எங்களுக்கும் அதுதாங்க வேணும். படத்துக்கு நின்னா கொழுந்து நிறை கொறையும்; வேலைய மேற்பாக்கிற கண்டாக்கையா அரநாள் சம்பளத்துக்குத்தான் பேரு போடுவாரு,” என்கிறார் முன்னால் வரும் பெண். வரிசையே சிரிக்கிறது. “அடுத்த கிழம வாங்க, ஏழே நாள்ல இதே பச்ச திரும்ப நிக்கும்.”

ரவீந்திரன் இரண்டு பச்சைக்கும் நடுவே அந்த வரிசையையே படமெடுத்து அனுப்புகிறார். அது தேறாவிட்டால் அவகாசம் கேட்கலாமென்று, பதில் வருமுன்பே அடுத்த கிழமைக்கும் வேன் பேசிவைக்கிறார். ஒரு கிழமையில் அதே பச்சை திரும்புமா என்பதை நான் இன்னும் சரிபார்க்கவில்லை.