ஓரத்தில் இருந்த மழை

அக்காவின் கணவருக்கு நிலநடுக்கப் பதிவு நிலையத்தில் வேலை. விஞ்ஞானி என்று நினைத்துத்தான் பெண் கொடுத்தோம். உருளையில் சுற்றிய காகிதத்தைத் தினமும் காலையில் கழற்றி, புதியதைச் சுற்றி, நடுவில் தேதி போடுவதுதான் வேலை என்பது கல்யாணத்துக்குப் பிறகே தெரிந்தது. முப்பத்து மூன்று வருடம் மாமா அதையே செய்தார்.

காகிதத்தின் நடுவில் பூமி கிறுக்கியது. ஓரத்தில் மாமா கிறுக்கினார்: அன்றைய மழையளவு, பின்கட்டுக் கிணற்றில் கயிறு விட்டு அளந்த நீர்மட்டம். நாலைந்து வருடம் சேர்ந்தாற்போல் மழை பொய்த்தால் சின்ன நடுக்கங்களும் குறைந்துவிடும். நல்ல மழை திரும்பினால் சில மாதம் கழித்து அவையும் கூடும். "ஏன்னு எனக்குத் தெரியாது மாப்ள. ஆனா ஒத்துப்போகுது" என்பார். அவர்கள் வீட்டோடு இருந்த நான், "பூமிக்கு ஜலதோஷமா மாமா?" என்று கேலி செய்வேன். பதிவுத்தாளில் கிறுக்கியதற்காக அலுவலகத்தில் இரண்டு மெமோ கொடுத்தார்கள்.

ஓய்வுக்கு நான்கு மாதம் இருக்கும்போது, எல்லாவற்றையும் கணினியில் ஏற்ற உத்தரவு வந்தது. ஸ்கேனருக்குள் காகிதம் நுழையவில்லை. ஓரத்தை வெட்டச் சொன்னார்கள், அதுவும் அவரையே.

"ஓரத்துல முப்பது வருஷ மழை இருக்கு சார். எழுதி எடுக்க ரெண்டு மாசம் குடுங்க" என்று கேட்டிருக்கிறார்.

"மழைக்கு வேற ஆபீஸ் இருக்கு" என்று வாயை அடைத்துவிட்டார் அதிகாரி.

வீட்டுக்கு வந்து என்னிடம் யோசனை கேட்டார். பெரிய மனுஷன் மாதிரி நானும் சொன்னேன்: "இத்தனை வருஷத்துல யாராவது கேட்டாங்களா மாமா? கடைசி நேரத்துல எதுக்கு வம்பு? வெட்டிப் போட்டுட்டு நிம்மதியா வெளிய வாங்க."

வெட்டினார். துண்டுகளை மூட்டை கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தார். தேதி நடுவோடு போய்விட்டது. துண்டுகளில் மழை இருந்தது, எந்த நாளின் மழை என்பது இல்லை.

போன வருடம் ஓர் ஆராய்ச்சிக்காரப் பெண் மடிக்கணினியோடு வந்தாள். நீண்டகால மழை மாற்றத்துக்கும் நிலநடுக்கத்துக்கும் தொடர்பு உண்டா என்று பார்க்கிறாளாம். மழை அலுவலகத்தில் எங்கள் பகுதிக்குப் பதிவே இல்லையாம்.

"ஸ்கேன் பண்ணின எல்லாப் படத்துலயும் ஓரத்துல எழுத்தோட நுனி தெரியுதுங்கய்யா. மீதி எங்க இருக்கு?"

மாமா தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "வெட்டிட்டேம்மா" என்றார். யார் யோசனையில் என்று சொல்லவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

மூட்டையில் வந்த மீதியை அக்கா அப்போதே வெந்நீர் அடுப்பில் போட்டு எரித்திருந்தாள். ஒரு மாதம் அதில் சுகமாகக் குளித்தவன் நான்.