ஒரே மாவில் மூன்று புரி

ரொட்டிக்கடை மூத்த மருமகளின் முன்கையைப் பார்த்தாலே அவள் கதை தெரிந்துவிடும். முழங்கை வரைக்கும் சூட்டுத் தழும்பு. ஒவ்வொரு தழும்புக்கும் ஒரு கதை வைத்திருப்பாள், கேட்காதவர்களைக்கூட நிறுத்தி வைத்துச் சொல்வாள். முன்னால் கண்ணாடி அலமாரி, நடுவில் மாவு பிசையும் நீள மேசை, பின்னால் செங்கல் அடுப்பு, மேலே மாடியில் குடும்பம். வாழவந்த வீடு அதுதான். மாமனார் கண்மூடிய பிறகு அடுப்பு அவள் கைக்கு வந்தது. புருஷன் கல்லாவில், கொழுந்தன் சைக்கிளில். அடுப்புக்கு மட்டும் அவள்தான் ராணி.

கடையில் சுடுவதெல்லாம் ஊர் வயிற்றுக்கு. அவள் உயிரெல்லாம் கோயிலில் சபையார் பகிர்ந்துண்ணும் திருவிருந்துக்குப் போகும் அப்பத்தில்தான் இருந்தது. போதகர் அதை உயர்த்திப் பிட்கும்போது சபையே கண்ணை மூடிக்கொள்ளும். இவள் மூடமாட்டாள். உள்ளே நன்றாக வெந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா?

இப்படி இருக்கையில் கொழுந்தனுக்குக் கல்யாணம் ஆகி இளையவள் வந்தாள். சிரித்த முகம், மெத்தென்ற பேச்சு. வேறு குற்றம் கிடைக்காததால் மூத்தவள் அதையே குற்றமாக வைத்துக்கொண்டாள்.

ஒரு ஞாயிறு மூத்தவள் காய்ச்சலில் படுத்துவிட, இளையவள் அப்பம் சுட்டுக் கொடுத்தாள். ஆராதனை முடிந்து மாமியார் நேராகக் கட்டிலருகே வந்தாள்.

"இன்னைக்கு அப்பம் பஞ்சுடி! எனக்குப் பல்லே தேவைப்படல."

"உங்களுக்குப் பல்லு எங்க இருக்கு அத்தை, தேவைப்படுறதுக்கு?" என்று சொல்லிவிட்டு மூத்தவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். காய்ச்சல் இறங்கியது, வேறொன்று ஏறியது.

அன்றிலிருந்து வயிற்றுக்குள் ஓர் அடுப்பு, விறகே கேட்காமல் எரிந்தது. மாவு புளிக்கவைக்கும் நல்ல மரத்தொட்டியை இளையவள் கண்ணில் படாமல் ஒளித்துவைத்தாள். வாடிக்கையாளர் இளையவளைப் பார்த்துச் சிரித்தால், மீதிச் சில்லறையை மேசையில் ஓங்கி வைத்தாள். ஒருநாள் யாரும் இல்லாத நேரம் பார்த்து இளையவள் சுட்ட ரொட்டியில் ஒரு துண்டு பிட்டுத் தின்றாள், குறை கண்டுபிடிக்கத்தான். ஒரு குறையும் அகப்படவில்லை. அந்தக் கோபத்தில் இன்னொரு துண்டும் தின்றாள்.

வருடத்தில் ஒரு ஞாயிறு, பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மூவராய் இருக்கும் ஒரே கடவுளைப் பற்றிப் பிரசங்கம் நடக்கும். அன்றைக்கு மட்டும் அப்பத்தை மூன்று புரியாகப் பின்னிச் சுடுவது அந்தச் சபையின் வழக்கம். அந்தப் பின்னல் மூத்தவளுக்குத்தான் கைவரும். அந்த ஞாயிறு நெருங்கியபோது போதகர், "இந்தத் தடவை ரெண்டு பேரும் சேர்ந்து செய்யுங்கம்மா" என்று சொல்லி அனுப்பினார். சொல்லி அனுப்பியதுதான் தாமதம், மூத்தவள் மாவுக் கையோடு போய் அவர் வாசலில் நின்றாள்.

"எத்தனை வருஷமா நான் செய்யறேன்! இப்ப எதுக்குங்கய்யா பங்கு?"

"பொறாமையாம்மா?"

"இருந்தா என்ன? எரிச்சலுள்ள தேவன்னு நீங்கதானே பிரசங்கம் பண்ணீங்க. அவருக்கு இருக்கலாம், எனக்கு இருக்கக் கூடாதா?"

போதகர் வயதில் இவளைவிடச் சின்னவர். சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "அவர் எரிச்சல் வேறம்மா. நம்மை விட்டா தனக்குக் குறைஞ்சு போயிடும்னு அவர் எரியல. தன்னை விட்டா நாம கெட்டுப்போயிடுவோமேன்னு எரியறாரு. நீங்க யாருக்காக எரியறீங்க?"

பதில் இல்லாத இடத்தில் கேள்வி கேட்பது அவள் வழக்கம்.

"சரிங்கய்யா, மூணு பேர்ல யாரு பெரியவரு? ஒரு வீட்டுல மூணு பேர் இருந்தா ஒருத்தர் கைதானே ஓங்கும்?"

"பிதா மகனைக் காட்டுறாரு. மகன் பிதாவைக் காட்டுறாரு. ஆவியானவர் அவங்களைக் காட்டுறாரு. மூணு பேருக்கும் ஒரே மகிமை. அங்க யாரும் யாரையும் தள்ளிட்டு முன்னால வர்றதில்ல."

"அதெல்லாம் மேல சரி. கீழ ஒரே அடுப்புங்கய்யா!" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

ஞாயிறு விடிகிற நேரம். இளையவள் முழு அப்பத்துக்கும் மாவு பிசைந்து ஒரு தொட்டியில் ஈரத்துணி போட்டு மூடி வைத்திருந்தாள். "பின்னத் தெரியாதுக்கா. மாவு நான், பின்னல் நீங்கன்னு நெனச்சேன்."

"நெனப்புதான்! ரெண்டு புரி என் மாவு. நடுப்புரிக்கு மட்டும் உன்னோடது" என்றாள் மூத்தவள். அதில் ஒரு கை கிள்ளியெடுத்துக்கொண்டு, "மீதியை வீட்டுக்கு வச்சுக்கோ" என்று மூலைக்குத் தள்ளினாள்.

நடந்த திருட்டுத்தனத்தையும் சொல்ல வேண்டும். மூத்தவள் தன் மாவில் ஈஸ்டை அள்ளிப் போட்டிருந்தாள். தன் புரிகள் இரண்டும் பூரித்து எழுந்து, நடுவில் கிடப்பதை ஊர்க் கண்ணில் படாமல் மூடிவிட வேண்டும் என்பது அவள் கணக்கு.

அடுப்பு அந்தக் கணக்குக்கு ஒத்துவரவில்லை. அவள் புரிகள் ஊதி வெடித்து ஆளுக்கொரு பக்கம் பிய்த்துக்கொண்டு போயின. நடுப்புரி நசுங்கி, பச்சை மாவாக ஒட்டிக்கிடந்தது. தட்டை வெளியே இழுத்தவள் அதைக் கீழே வைக்கவும் மறந்து நின்றாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் மணி அடிப்பார்கள். அப்பம் இல்லாமல் சபை உட்கார்ந்திருக்கும். அத்தனை வருஷப் பெயரும் அந்தத் தட்டில் பிளந்து கிடந்தது.

மாமியார் எட்டிப் பார்த்தாள். "என்னடி இது? மூணும் மூணு சாமியா நிக்குது?"

இளையவள் மூலையில் இருந்த தொட்டியைக் கொண்டுவந்து துணியை எடுத்தாள். மாவு குழந்தைக் கன்னம் மாதிரி எழும்பியிருந்தது.

"அக்கா, பின்னுங்க."

பின்னினாள். வேறு வழி? கை போட்டதும் தெரிந்துவிட்டது, தான் ஒருநாளும் இப்படிப் பிசைந்ததில்லை என்று. விரல்கள் தப்பில்லாமல் ஓடின. ஒரே மாவு, மூன்று புரி. முடித்துவிட்டுப் பார்த்தால் எந்தப் புரி எங்கே தொடங்கி எங்கே முடிகிறதென்று பின்னியவளுக்கே பிடிபடவில்லை.

அடுப்பிலிருந்து சூடாகவே கோயிலுக்குப் போயிற்று. போதகர் பிட்டபோது ஆவி எழுந்தது. அன்றும் அவள் கண்ணை மூடவில்லை. வாயில் போட்டதும் பஞ்சுதான். மாமியார் சொன்னது பொய்யில்லை, அதுதான் வேதனை.

ஆராதனை முடிந்து வாசலில் போதகர் நிறுத்தினார். "இப்படி ஒரு அப்பம் இங்க வந்ததே இல்ல. யாரு செஞ்சது?"

"அக்காதாங்கய்யா" என்றாள் இளையவள், சட்டென்று.

சும்மா இருந்தால் போதும், முழுப் பெயரும் மூத்தவளுக்கே. ஒரு நொடி அதை வாய்க்குள் வைத்து ருசித்தும் பார்த்தாள். ஆனால் இளையவள் மூத்தவளைக் காட்டிவிட்டுப் பின்னால் நகர்ந்து நின்றது, முள்ளாய்க் குத்தியது. இதிலும் இவளே ஜெயிப்பதா?

"மாவு இவளோடதுங்கய்யா" என்றாள், ஆடாத பல்லைப் பிடுங்கித் தருகிறவள்போல.

"பின்னல் அக்காவோடது."

"நான்தான் சொல்றேன்ல, நீ சும்மா இருடி!"

போதகர் சிரித்தார். "கீழேயும் ஒரே அடுப்புதானம்மா" என்றார்.

பொறாமை அன்றோடு போய்விட்டதா என்று கேட்டால், எங்கே போகும்? அவள் கூடவே வீட்டுக்குத் திரும்பி நடந்தது. தெருமுனை வந்ததும் மூத்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு இளையவளிடம் சொன்னாள்:

"நாளைக்கு மாவு பிசையும்போது என்னைக் கூப்பிடு. சும்மா பார்க்கத்தான். நல்ல தொட்டி கட்டிலுக்கு அடியில இருக்கு, எடுத்துக்கோ."