தட்டைக் காட்டிய பெண்ணும் நான் இறந்த செய்தியும்

செவ்வாய், காலை ஆறு நாற்பது: என் மனைவி எங்கள் வீட்டில் இறந்தாள். காரணம் இதயம் என்கிறது சான்றிதழ்.
அன்றே, மாலை நான்கு: தகனம்.
பதின்மூன்றாம் நாள், ஞாயிறு: சடங்குகள் நிறைவுற்றன. உறவினர் பாலக்காடு திரும்பினர்.
பதினாறாம் நாள், புதன்: நான் இறந்துவிட்டதாக இணையத்தில் அறிவிக்கப்பட்டது. பலர் இரங்கல் தெரிவித்தனர்.

இவற்றுள் கடைசித் தகவல் மட்டும் பிழையானது. அது எனக்கு வியாழன் காலை, கொச்சியில் எங்கள் கொச்சங்காடிச் சாயாக்கடையில்தான் தெரியவந்தது.

"சாரே, நீங்க மரிச்சுட்டீங்களாம்," என்றார் கடைக்காரர், சாயாவை என் முன் வைத்தபடி. "நான் இல்லேன்னு சொல்லிட்டேன்."

அவர் தம் கைபேசியில் காட்டியது ஓர் இளம்பெண்ணின் இணையப் பக்கம்; அறிவிப்பு அதில்தான் இருந்தது. கடலுணவு ஏற்றுமதி செய்யும் பெரிய குடும்பமொன்றின் ஒரே வாரிசு அவள். பாடுவதில்லை, ஆடுவதில்லை. எழுவதையும், உடை தேர்வதையும், சிற்றுண்டித் தட்டையும் காட்டுவாள். ஊரே பார்க்கிறது, ஏசுவதற்காகவும் தவறாமல் பார்க்கிறது. கடைக்காரர் இரண்டாம் வகை.

"அப்பன் இறால் வித்த காசு. இவ சும்மா சிரிச்சா போதும், நாடு கைகொட்டும்."

"பின்னே எதுக்கு இக்கா தினம் பாக்குறே?" என்று பெஞ்சிலிருந்த சுமை தூக்கும் தொழிலாளி கடைக்காரரைக் கேட்டார்.

"நான் திட்டலேன்னா அவளுக்குத் தலைக்கனம் கூடிடும்டா."

பிறகு என்னிடம் தணிந்த குரலில், "சார் ரெண்டு வருஷமா தினம் அவளுக்கு எழுதறது எங்களுக்குத் தெரியும். ஒண்ணும் சொல்லல. பெரிய படிப்புப் படிச்ச ஆளு, வயசு காலத்துல ஒரு பிரியம்," என்றார்.

நான் எழுதவில்லை. எனது பழைய கைபேசியை மனைவிக்குக் கொடுத்தபோது அதிலிருந்த கணக்கை மாற்றாமலே கொடுத்திருந்தேன். எனவே அவள் எழுதியவை அனைத்தும் என் பெயரிலும், பணி ஓய்வு நாளன்று கழுத்தில் மாலையுடன் எடுத்த என் படத்துடனும் வெளியாகியுள்ளன. நாளொன்றுக்கு ஒரே வரி: "கொழந்தே, சாப்ட்டயோ?" மொழி எங்கள் வீட்டுத் தமிழ், எழுத்து மலையாளம். தமிழ் எழுத்து அவளுக்குத் தெரியாது. கற்றுத்தருவதாக ஒருமுறை சொன்னேன். "வேண்டாம். படிச்சா நீங்க எழுதினதெல்லாம் படிக்கணும்," என்றாள்.

அந்தப் பெண்ணைப் பற்றி அவளுக்கு இருந்தது ஒரே ஐயம்தான். "கேட்டேளா, இன்னிக்கும் தட்டைக் காட்டறா. ஒரு வாய் உள்ள போகல்லை."

"ஏழு தலைமுறைக்கு இருக்கு அவாத்துல. ஒரு வேளை சாப்பிடல்லைன்னா என்ன?"

"ஏழு தலைமுறைக்கு இருக்கட்டும். இன்னிக்கு யார் போடுவா?"

நான் அப்போது செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன்.

நான் சட்டக் கல்லூரியில் சான்றுச் சட்டம் கற்பித்தவன். ஒருவரைப் பற்றி ஏழு ஆண்டுகள் தகவல் இல்லையெனில் அவர் இறந்ததாக அனுமானிக்கலாம் என்பது விதி. இங்கே இரண்டு வாரங்கள் போதுமானவையாக இருந்திருக்கின்றன. கேள்வி வராததை எவரோ கவனித்து, முடிவுக்கு வந்து, அறிவித்துவிட்டார்.

அந்தப் பெண் புதன் இரவே ஒரு காணொளி இட்டிருந்தாள். கடைக்காரர் அதையும் காட்டினார். ஒப்பனை இல்லாத முகம், தட்டில் இரண்டு தோசை. தினமும் கேட்ட அங்கிள் போய்விட்டார் என்று மலையாளத்தில் சொன்னாள். பின் இரண்டு தோசைகளையும் தின்று முடித்தாள். கடைசியில் எங்கள் தமிழில், "அங்கிளே, நீங்க சாப்ட்டயோ?" என்று கேட்டாள். 'நீங்க' என்பதற்கு அந்த வினை பொருந்தாது.

"எல்லாம் ஆக்டிங்," என்றார் கடைக்காரர்.

"ரெண்டு தோசையும் தின்னாளே இக்கா. அதுல என்ன ஆக்டிங்?"

கடைக்காரர் மறுபடி ஓடவிட்டுப் பார்த்தார். "சட்னி தொட்டுக்கல," என்றார். அன்று அவர் அவளை ஏசி எதுவும் எழுதவில்லை.

வீடு திரும்பி, திருத்தம் ஒன்றை எழுதினேன்: "மேற்படிப் பதிவுகள் யாவும் என் மனைவியால் எழுதப்பட்டவை. அவர் காலமானார்." அந்தக் கேள்வி அவளுடையது, அவள் பெயரில் பதிவாக வேண்டும். இதில் எனக்கு ஐயமில்லை. அனுப்பினால் அங்கேயும் வரிசை மாறிவிடும். இப்போது அந்த ஒரு பக்கத்தில் மட்டும் முதலில் போனவன் நான். அவளைவிட ஒன்பது வயது மூத்தவன். நாங்கள் இருவரும் எதிர்பார்த்திருந்த வரிசை அதுதான். உயில்கூட அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

வாசகத்தை மும்முறை செப்பனிட்டேன். அதில் இனித் திருத்த எதுவுமில்லை. கைபேசியை மூடி வைத்தேன்.

முடியாமல் இருப்பவை:

ரேஷன் அட்டையில் பெயர் நீக்கம்.
தேவரா கண்ணாடிக் கடையில் தயாராக உள்ள அவளது மூக்குக்கண்ணாடியை வாங்கி வருதல்.
உயிலை மாற்றி எழுதுதல்.
திருத்தத்தை அனுப்புதல்.
மதியச் சாப்பாடு.