கண்டிக் கிட்டங்கியில் நான் கேட்டு வாங்கிய இழை

கண்டிக் கிட்டங்கியில் நகரத்தார் பெண்களைப் பிள்ளையார் நோன்புக்கு அழைத்தவர்கள் அக்காலப் பெரியவர்களே என்று, அண்மையில் ஓர் அவையில் ஒருவர் புகழ்ந்துரைத்தார். எவரும் அழைக்கவில்லை. முதலில் உட்புகுந்தவள் நான். ஆதலின் நடந்ததை நானே எழுதிவைத்தல் வேண்டும்.

முப்பதுகளின் தொடக்கம் அது. கிட்டங்கி என்பது நம்மவருள் ஆடவர் பலர் ஒருங்கே தங்கித் தொழில் நடத்திய நெடுங்கூடம். மனைவியரைச் செட்டிநாட்டிலேயே விட்டு வருதல் வழக்கம். என் கணவரோ அம்பிட்டியச் சாலையில் சிறுவீடு அமர்த்தி என்னை வருவித்துக்கொண்டார். அவ்வாண்டு மார்கழியில் நான் நிறைசூலி.

திருக்கார்த்திகை தொட்டு இருபத்தொரு நாள், நாளுக்கு ஒன்றாகப் புதுவேட்டியினின்று நூலிழை எடுத்துச் சேர்ப்போம். நிறைவுநாளில் அவற்றைத் திரியாக்கி, இனிப்பு மாவில் நட்டு, நெய்யிட்டு ஏற்றுவோம். அதுவே இழை. குடும்பத்து மூத்தவர் கையால் வாங்கிச் சுடரோடு விழுங்குதல் முறை. சூலிக்கு இரண்டு, ஒன்று வயிற்றுப் பிள்ளைக்கு.

கண்டியில் எங்கள் மூத்தவர் கணவரின் பெரிய தந்தையார். பெண்டிர்க்கு இழை ஊர் வீட்டில்தான், ஊரை விட்டு வந்தவளுக்கு இங்கே இல்லை என்று சொல்லியனுப்பினார். அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்றார் கணவர். அடுத்த ஆண்டு இப்பிள்ளை வயிற்றில் இராது என்றேன்.

நோன்பன்று அந்தியில் கிட்டங்கியின் தலைவாயில் வழியே நுழைந்தேன். பொரியும் கருப்பட்டிப் பணியாரமும் படைத்திருந்தனர். மழை ஓயாத மலையில் நோன்புக்கு வேண்டிய ஆவாரம்பூ ஏது? தம்புள்ளைப் பக்கமிருந்து வண்டியில் வந்திருந்தது. பூவின் வருகையை எவரும் குற்றமாகக் கொள்ளவில்லை.

பெரியவர் என்னை நோக்காமலே கணவரிடம் சொன்னார்: "தம்பி, வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போ. பொம்பளைக்கு இழை ஊருலதான்."

"பிள்ளையாரும் ஊருலதான இருந்தாரு, மாமா? கடல் தாண்டி வந்து இங்க உக்காந்திருக்காருல்ல?" என்றேன்.

"அவரு ஆம்பளை, ஆச்சி," என்றது பின்னிருந்து ஒரு குரல். சிலர் நகைத்தனர்.

"அப்ப என் வயித்துல இருக்கறது ஆம்பளையா பொம்பளையான்னு பாத்துச் சொல்லிட்டு மறுங்க."

நகைப்பு அடங்கிற்று. சமையற்காரர் மட்டும் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். பெரியவர் ஓர் இழையை ஏற்றி நீட்டினார். விழுங்கினேன், நீட்டிய கையை மடக்கவில்லை.

"இது எனக்கு. பிள்ளைக்கு?"

அவர் அடுத்ததை ஏற்றினார், ஆயினும் தரவில்லை. நெய் உருகி மாவில் வழிந்தது. சுடர் அவர் விரலருகே இறங்கிற்று. நான் கைநீட்டியபடியே நின்றேன். தந்தார். அதனையும் சுடரோடு உட்கொண்டேன்.

நெடுநாள் அவர் என்னோடு பேசவில்லை. நானும் அவர் பேச்சை நாடவில்லை. மறு ஆண்டு வேறு பெண்டிரும் அவ்வாயில் வழியே வந்தனர், தடுப்பார் இலர்.

நோன்பு முறை ஊருக்கு ஊர் சிறிது வேறுபடும். படையலிலோ இழை சேர்க்கும் ஒழுங்கிலோ நான் பிழைபட எழுதியிருப்பின், அறிந்தோர் திருத்தியுதவுக, நன்றியோடு ஏற்பேன். கேட்டுத்தான் பெற்றேன் என்பதை மட்டும் எவரும் திருத்தற்க.