விசில் இல்லாத பாட்டு

எங்கள் சபைப் பாடற்குழுவில் நாங்கள் இடி, விசில் என்று பட்டப்பெயர் வைத்திருந்த இருவரும் புருஷன் பெண்டாட்டி. அவர் குழாய் ரிப்பேர்காரர். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் படுத்தபடி அவர் ஒரு பாட்டை முனகினால், மேல்மாடியில் இருப்பவர்கள் குழாய் உறுமுகிறது, தண்ணீர் வந்துவிட்டதென்று வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அந்தம்மா தையல்காரி. உச்சத்துக்குப் போனால் குக்கர்தான்.

"மூணு வந்தாச்சு, அடுப்பை அணைங்கப்பா" என்று பின்வரிசையில் குசுகுசுப்போம். அது அவள் காதிலும் விழும். வீட்டில் பாடிப் பழகும்போது ஜன்னலையெல்லாம் சாத்திக்கொள்வாள். உண்மையைச் சொன்னால், அவர் அடியைப் பிடித்துக்கொள்ள, அவள் உச்சியைப் பிடித்துக்கொள்ள, நடுவில் நாங்கள் ஓசியில் சவாரி செய்தோம்.

சபை ஆண்டுவிழாவுக்காகப் பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். சவுண்டுக்காரர் கம்ப்யூட்டரும் கையுமாக வந்தார்.

"இப்பல்லாம் யார் குரலும் தனியாத் தெரியக்கூடாதுண்ணே. ஆம்பளைக் குரல், பொம்பளைக் குரல், தடிப்பு, கீச்சு, எல்லாத்தையும் இதுல விட்டு ஒரே மட்டமாக்கிடலாம்."

போதகருக்கு அது பிடித்துப்போனது. "கர்த்தருக்கு முன்னால நாம எல்லாரும் ஒண்ணுதானே."

"ஒண்ணுதான் ஐயா. ஒரே மாதிரின்னு யாரு சொன்னா?" என்றார் இடி. "ஆதாம் தனியா இருக்கானேன்னு ஆண்டவர் இன்னொரு ஆதாமையா செஞ்சு குடுத்தாரு? குடுத்திருந்தா வீட்டுல சண்டை இருந்திருக்காது. வீடும் இருந்திருக்காது."

எல்லோரும் சிரித்தோம். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"விடுங்க. ஒரு தடவையாவது என் குரல் யாரையும் உறுத்தாம இருக்கட்டும்."

அவர் எழுந்து மைக்குக்கு முன்னால் போய் நின்றார்.

பதிவு வந்தது. தேய்த்து மடித்த சட்டை மாதிரி, ஒரு சுருக்கம் இல்லை. அவள் ஜன்னல்களைத் திறந்து வைத்துத் தெருவுக்கே அதைப் போட்டுக் காட்டினாள். "பாருங்க, நான் இருக்கிறதே தெரியலை" என்று அவரிடம் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டாள்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது.

அடக்கம் முடிந்து உறவுக்காரர்களெல்லாம் கிளம்பிய பிறகு, அவள் குரலைக் கேட்க வேண்டுமென்று அவர் அந்தப் பாட்டைப் போட்டார். உச்சம் வரும் இடத்தில் காதை வைத்துக் காத்திருந்தார். வழவழவென்று ஏதோ கடந்து போனது. மறுபடி போட்டார். வேறு பதிவு எதுவும் வீட்டில் இல்லை. போட்டோ எடுக்கவே கூச்சப்பட்டவள், குரலையா பிடித்து வைத்திருக்கப்போகிறாள்?

துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு சவுண்டுக்காரரைத் தேடிப் போனார்.

"அவ குரலை மட்டும் பிரிச்சுக் குடுங்க தம்பி. கீச்சுன்னு இருந்தாப் பரவாயில்லை. அதுதான் வேணும்."

"மட்டமாக்கினது மட்டும்தாண்ணே இருக்கு. முதல்ல பிடிச்சதையெல்லாம் அன்னிக்கே அழிச்சாச்சு. இதுல எது யாருதுன்னு எனக்கே தெரியாது."

"என்னோடது?"

"உங்களோடதும் அதுக்குள்ளதான் கரைஞ்சு கிடக்கு."

இடி கிளம்ப எழுந்தார்.

"அப்ப சரி. ரெண்டு பேரும் சேர்ந்துதான் காணாமப் போயிருக்கோம்."

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை பாட வருகிறார். உச்சம் வரும் இடத்தில் மட்டும் நிறுத்திவிடுகிறார். பின்வரிசையில் நாங்களும் சத்தத்தைக் குறைத்துக்கொள்கிறோம். அந்த இடம் காலியாகவே கடந்துபோகிறது.