மண்ணூர்பேட்டையில் கரண்ட் இல்லாத செவ்வாய்

பட்டாபிராமிலிருந்து சென்ட்ரலுக்குப் போகும் ஏழு நாற்பது வண்டியில், மூன்றாவது பெட்டியில், ஜன்னலோரத்து நாலு பேர் சேர்ந்து ஒரு செய்தியை உறுதி செய்துவிட்டால் அதற்கு அப்பீல் கிடையாது. அந்த நாலு பேரில் ஒருவனான வெங்கட், ஒரு நாள் சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று மனைவியிடம் சொன்னான்.

"ரேணு, மண்ணூர்பேட்டைல பால்ராஜ்னு ஒருத்தர் சைலன்சர் போடறாராம். அவர் போட்டா இன்ஜின் கச்சேரியே பண்ணுமாம். ஒரே ஒரு விஷயம்தான்..."

"என்ன?"

"அவருக்கு ரெண்டு காதும் கேக்காதாம்."

ரேணுகா, எல்.எல்.ஆர். விண்ணப்பங்களை அடுக்கிக்கொண்டிருந்தவள், அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

ரேணுகாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா ராணுவ டாங்கி தொழிற்சாலை வேலைக்காகத் திருநெல்வேலியிலிருந்து ஆவடிக்கு வந்தவர். மகள் குவார்ட்டர்ஸில் வளர்ந்து, பட்டாபிராமில் டிரைவிங் ஸ்கூல் வைத்து இருபது வருஷம் ஆகிறது. ஒரு நாளைக்கு எண்ணூறு தடவை 'கிளட்ச்' என்பாள். ஆயிரம் தடவை 'மெதுவா' என்பாள். பயிற்சிக் காரின் இடது பக்கத்தில், தன் காலடியில் தனியாக வைத்த பிரேக்கோடு உட்கார்ந்திருப்பாள். ஆக்சிலரேட்டர் எப்போதும் யாரோ ஒருவர் காலடியில். அவர்கள் வாழ்க்கையை அவர்கள் மிதித்துக்கொண்டிருக்க, இவள் நிறுத்திக்கொண்டிருந்தாள்.

அப்படிப்பட்டவள் அதற்கு ஒரு மாதம் முன்பு ஒரு பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிவிட்டாள். இரண்டே கதவு, இரண்டே சீட். சைலன்சர் மட்டும் துருப்பிடித்து ஓட்டை. கிளப்பினால் வெயிட் போடாத குக்கர் மாதிரி புஸ்ஸென்றது. இத்தனை வருஷம் கழித்து ஒரு வண்டி வாங்கி, அது புஸ்ஸென்றால் யாருக்குத்தான் மனசு ஆறும்? நல்ல சைலன்சராகப் போட்டு, உடம்பெல்லாம் சிலிர்க்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டுவிட வேண்டும் என்று ராத்திரி தூக்கமில்லை அவளுக்கு.

குறுக்கே நின்றவர் ஆர்.டி.ஓ. ஆபீஸ் இன்ஸ்பெக்டர் ரகுநாதன். வியாழக்கிழமைதோறும் ரேணுகா தன் மாணவர்களை டெஸ்ட்டுக்குக் கூட்டிப்போவது அவரிடம்தான். சத்தம் அளக்கும் மீட்டரை அவர் இப்போது பேனா மாதிரி சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறார். ரேணுகாவின் டிரைவிங் ஸ்கூல் லைசென்ஸைப் புதுப்பிக்கும் ஃபைல் அடுத்த வாரம் அவர் மேஜைக்குப் போகிறது. ஊருக்கு ரூல்ஸ் சொல்லித் தருகிறவள் சொந்த சைலன்சரில் மாட்டினால், ஸ்கூல் போர்டைக் கழற்றி வீட்டில் கோலப்பலகையாகப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

ஆக, எங்கே கொடுப்பது?

முதலில் அம்பத்தூரில், சுவரெல்லாம் கண்ணாடியான ஒரு கார் சாமான் கடைக்குப் போனார்கள். ஏ.சி., காபி, சோபா. அங்கிருந்த டை கட்டிய இளைஞன், சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டத் தெரியாத வெங்கட்டைப் பார்த்தே முழுசாக விளக்கினான்.

"சார், இதுல ரிமோட் இருக்கு சார். போலீஸ் வந்தா அமுக்குங்க, பூனை. போனதும் அமுக்குங்க, புலி."

"இன்ஸ்பெக்டரே பட்டனை அமுக்கிட்டா?" என்றாள் ரேணுகா.

இளைஞன் யோசித்துவிட்டு, "சாருக்கு இன்னொரு காபி?" என்றான்.

அடுத்தது கரையான்சாவடி. அங்கே ஜெகன் என்பவன் கடை. அவனுக்குக் கூச்சமே இல்லை. "அக்கா, நம்ம போட்டு வுட்டா, இங்க ஸ்டார்ட் பண்றீங்க, போரூர்ல பால் திரிஞ்சிடும்!" உண்மையைச் சொன்னால், ஒரு நொடி ரேணுகாவின் நெஞ்சு துள்ளத்தான் செய்தது. அப்புறம் ரகுநாதனின் முகம் ஞாபகம் வந்தது. துள்ளினது உட்கார்ந்துகொண்டது.

மிச்சம் இருந்தது காது கேட்காதவர்.

மண்ணூர்பேட்டைக் கடையை அடைந்ததும் வதந்திக்குப் பாதி ஆதாரம் கிடைத்துவிட்டது. பக்கத்துக் கட்டடத்தில் தகடு அடிக்கும் பிரஸ் மெஷின் நாலு. டங்! டங்! ஒவ்வொரு அடிக்கும் பல் ஆடியது. அறுபது வயதுக்காரர் ஒருவர் கையில் வெல்டிங் கண்ணாடியோடு வந்து நின்றார். பால்ராஜ். ரேணுகா கத்தினாள், வெங்கட் கத்தினான். அவர் இரண்டு பேரையும் ஊமைப்படம் மாதிரி ரசித்துப் பார்த்துவிட்டு, சாக்பீஸை எடுத்து ஷட்டரில் எழுதினார்: 'செவ்வாய் கரண்ட் கட். அன்னிக்கு வா.'

பேப்பரில் வந்திருந்தது. மாதாந்திரப் பராமரிப்பு, காலை ஒன்பது முதல் இரண்டு வரை மின்தடை.

செவ்வாயன்று வெங்கட் ஆபீசுக்கு லீவு போட்டான். வதந்தியை நேரில் சரிபார்த்து ரயில் பெட்டி நண்பர்களுக்கு அறிக்கை கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருந்தான். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டே மூச்சை நிறுத்தின மாதிரி கிடந்தது. மண்ணூர்பேட்டையில் காக்கா கரையும் என்பதே அன்றுதான் தெரிந்தது. கடை வாசலில் ஏற்கனவே மூன்று வண்டிகள் நின்றன. கோயிலில் நிற்கிற மாதிரி எல்லாரும் கை கட்டி நின்றார்கள்.

பால்ராஜ் சிவப்பு வண்டிக்கு அடியில் நுழைந்து கால் மட்டும் தெரியப் படுத்திருந்தார். வெங்கட் மனைவியின் காதருகே குனிந்து கிசுகிசுத்தான். "ஆளைப் பாத்தா டுபாக்கூர் மாதிரி தெரியுது, ரேணு."

அடியிலிருந்து குரல் வந்தது. "டுபாக்கூருக்கு நல்லாவே கேக்குது சார். உங்க இடது செருப்புல ஆணி கெளம்பிகீது. நடந்தா டிக்கு டிக்குனுது. கால்ல ஏறப்போவுது, பாத்துக்கோங்க."

வெங்கட் செருப்பைக் கழற்றிப் பார்த்தான். ஆணி இருந்தது. ஏழு நாற்பது வண்டியின் சரித்திரத்தில் ஒரு தீர்ப்பு திருத்தப்பட்டது அன்றுதான்.

பால்ராஜ் வெளியே வந்தார். "ஸ்டார்ட் பண்ணு, யம்மா." புஸ். பின்பக்கக் குழாயில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி, தலையைச் சாய்த்துக் கேட்டார். "சரி, ஆஃப் பண்ணு. உனக்கு இன்னா சத்தம் ஓணும்?"

கண்ணாடிக் கடையும் கேட்கவில்லை, ஜெகனும் கேட்கவில்லை. ரேணுகா இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினாள். பிறகு சொன்னாள். "சின்ன வயசுல குவார்ட்டர்ஸ்ல, டாங்கி டெஸ்டுக்குப் போறப்ப அலமாரில டம்ளரெல்லாம் நடுங்கும் அண்ணா. சத்தம் ரொம்பக் கேக்காது, வயித்துல தெரியும். அந்த மாதிரி. ஆனா இன்ஸ்பெக்டர் காதுல விழக் கூடாது."

பால்ராஜ் வாய்விட்டுச் சிரித்தார். "உள்ள டாங்கி, வெளிய சைக்கிளு! மூணு பைப்பு, நடுவுல சத்தத்த முழுங்கற கிளாஸ் வுல் கட்டிடலாம். நாளைக்கு வா."

"இன்னிக்கே பண்ண முடியாதா?"

"வெல்டிங்க வாயால ஊதியா அடிக்கிறது? கரண்ட் கீற நாள்ல சத்தம் கேக்காது. சத்தம் கேக்கற நாள்ல கரண்ட் கெடையாது. நம்ம பொழப்பு அப்டி. இன்னிக்குக் கேட்டத மண்டைல வெச்சிகினு நாளைக்கு ஒட்டுவேன்."

வெங்கட் இடுப்பில் கிள்ளினான், வேண்டாம் என்று. ரேணுகாவுக்குச் சட்டென்று ஒன்று புலப்பட்டது. ஸ்டியரிங்கைத் தொடாமலே இருபது வருஷமாக ஊரையே ஓட்ட வைத்தவள் அவள். கேட்காமலே ஒட்டுகிறவரை அவள் நம்பாமல் வேறு யார் நம்புவார்கள்?

"நாளைக்கு வரேன்ணா."

பால்ராஜ் கூலியைச் சொன்னார், நியாயம்தான். கூடவே ஒரு நிபந்தனை. "ஒரு ரவுண்டு ஏத்திகினு போவணும். முப்பது வருசமா ஒட்றேன். அவனவன் ஸ்டார்ட் பண்ணிகினு பூடறான். ரோட்டுல எப்டி கேக்குதுன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

"கண்டிப்பா!" என்றாள்.

புதனன்று பிரஸ்கள் முழங்க, பொறி பறக்க, வேலை முடிந்தது. சாவியைத் திருப்பினாள். ஒன்றும் கேட்கவில்லை. ஸ்டியரிங் மட்டும் உள்ளங்கையில் லேசாக நடுங்கியது. பால்ராஜ் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். எஸ்டேட் சாலைக்கு வந்து, டங் டங் பின்னால் தேய்ந்து தேய்ந்து, மூன்றாவது கியரில் கால் அழுந்தியபோது, வந்தது. அடிவயிற்றில் ஆரம்பித்து முதுகில் ஏறியது. "ஏங்க! ஏங்க! கேக்குதா!" என்று கத்தினாள் ரேணுகா. வெங்கட் இடது சீட்டில் உட்கார்ந்து, அங்கே இல்லாத பிரேக்கை இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டு "மெதுவா! மெதுவா!" என்றான். சாலையில் போன ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை. அவளே போய் ரகுநாதன் முன் வண்டியை நிறுத்தினாள். அவர் மீட்டரை எடுத்து நீட்டினார். "ஸ்டார்ட் பண்ணுங்க மேடம்."

"பண்ணிட்டேன் சார்."

ரகுநாதன் மீட்டரைத் தட்டிப் பார்த்தார். ஆக்சிலரேட்டரை மிதிக்கச் சொல்லி மறுபடி பார்த்தார். முள் அபராதக் கோட்டைத் தொடவே இல்லை. "ம்" என்றார். அடுத்த வாரம் ஃபைலில் கையெழுத்து விழுந்தது.

அந்த ரவுண்டு மட்டும் பாக்கி. மற்ற நாளெல்லாம் காதுக்குள் பிரஸ் ஓடிக்கொண்டே இருக்கும், கரண்ட் கட் அன்றுதான் ஏறுவேன் என்று பால்ராஜ் சொல்லிவிட்டார். ஞாயிறு காது கொஞ்சம் தெளியும், ஆனால் அது சர்ச்சுக்கு. போன மாத மின்தடை வியாழக்கிழமையில் வந்துவிட்டது, அன்று ரேணுகாவின் மாணவர்கள் ஆறு பேருக்கு டெஸ்ட். இந்த மாதம், பரீட்சை நடப்பதால் மின்தடை தள்ளிவைப்பு என்று அறிவிப்பு. ஊரே சந்தோஷப்பட்டது, ரேணுகா ஒருத்திதான் பேப்பரைத் தூக்கி எறிந்தாள்.

நேற்று அந்த வழியாகப் போனாள். டங் டங் நடுவே பால்ராஜ் அவளைப் பார்த்தார். ஷட்டரைப் பாதி இறக்கிக் காட்டினார். சாக்பீஸில், அழியாமல் இரண்டு தரம் மேலெழுதி வைத்திருந்தார்: 'செவப்பு வண்டி – ஒரு ரவுண்டு.'